படிக்காமல் கையெழுத்திடும் நூல்

பவணந்தி முனிவர் நன்னூலைத் தொடங்கும்போது எடுத்த எடுப்பில் எழுத்து, சொல் என்று இலக்கணத்துக்குள் போய்விடவில்லை. முதலில் பாயிரம் வைத்தார். நூல் என்றால் என்ன, அதைச் சொல்பவன் எப்படி இருக்க வேண்டும், கேட்பவன் யார், நூலில் புகக்கூடாத குற்றங்கள் பத்து, இருக்க வேண்டிய அழகுகள் பத்து என்றெல்லாம் வகுத்த பிறகுதான் மேலே நடந்தார். எங்கள் சமணப் பெரியவர் என்ற சலுகையில் இதைச் சொல்லவில்லை. எந்த நூல் கைக்கு வந்தாலும் அந்தப் பாயிரத்தையே தராசாக வைத்து நிறுத்துப் பார்ப்பது என் நெடுநாள் வழக்கம். பாத்திரக் கடைக்காரன் அல்லவா, நிறுக்காமல் எதையும் வாங்கிப் பழக்கமில்லை.

மலர்க் குழுவினர் கேட்கும்போதெல்லாம் சிந்தாமணி, சூளாமணி என்று ஏதாவது எழுதிக் கொடுப்பேன். இம்முறை வேறொரு நூலை ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன். இதைப் படிக்கிற அன்பர்கள் அனைவருமே அந்த நூலுக்குக் கையொப்பம் இட்டிருக்கிறீர்கள். ஒருவராவது அதைப் படித்திருப்பீர்களா என்பது ஐயமே. புதுக் கணினியை முதன்முறை திறக்கும்போது, புதுக் கைப்பேசியில் சிம் போட்டவுடன், "ஒப்புக்கொள்கிறேன்" என்று ஒரு கட்டம் வருகிறதே, அதற்குப் பின்னால் இருக்கும் அந்தரங்க அறிக்கையைத்தான் சொல்கிறேன்.

எனக்கும் அது தெரியாமல்தான் இருந்தது. மாட்டுங்காக் கடையில் ஜி.எஸ்.டி. கணக்குக்காக வைத்திருந்த கணினி பழசாகிவிட்டது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு நின்றுபோயிற்று என்று சொல்லி, பேரன் புதுசு ஒன்று வாங்கி வந்து வைத்தான். பெயர் கேட்டது, கொடுத்தான். மின்னஞ்சல் கேட்டது, கொடுத்தான். கணக்கு ஒன்று தொடங்கினால்தான் உள்ளேயே விடுவேன் என்றது. "இதெல்லாம் எதுக்குடா? காசு கொடுத்துத்தானே வாங்கினோம்?" என்றேன். "எல்லாரும் கொடுக்குறதுதான் தாத்தா" என்றான். அப்படியானால் அந்தக் காகிதத்தை எனக்கு அச்செடுத்துக் கொடு, படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தான். கிளிப்பில் அடங்கவில்லை, சாக்குத் தைக்கிற ஊசி நூலால் கட்ட வேண்டி வந்தது. கைப்பேசிக்குரிய ஆண்ட்ராய்டு அறிக்கையையும் அதோடு சேர்த்துக்கொண்டேன். இரண்டையும் படித்து முடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. பேரனுக்கு எழுத வேண்டிய மதிப்புரைதான் இப்படி மலர்க் கட்டுரையாக நீண்டுவிட்டது.

பாயிரத்துக்குரிய செய்திகள் என்று நன்னூலார் எண்ணுகிறவற்றுள் "கேட்போர்" என்று ஒன்று உண்டு. இன்னாருக்காக இந்நூல் செய்யப்பட்டது என்பது விளங்க வேண்டும். இந்த அறிக்கையைக் கேட்போர் யார்? கைப்பேசி வைத்திருக்கிற தாராவிப் பெண்ணா, செம்பூரில் ஓய்வூதியம் வாங்குகிற பெரியவரா? இல்லை. நாளைக்கு வழக்கு வந்தால் இதைப் புரட்டப் போகிற வக்கீலும் நீதிபதியும்தான் இதன் கேட்போர். நம்மிடம் பேசுவதுபோல் "நீங்கள்", "உங்கள்" என்று முன்னிலையில் எழுதியிருக்கிறதே தவிர, முகம் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. கூகுளின் அறிக்கை தமிழிலும் கிடைக்கிறது. ஆனால் ஆங்கில வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் பெயர்த்து வைத்ததுபோல் இருக்கிறது. மூலத்தைப் பார்க்காமல் அதன் பொருளை உணர எனக்கே முடியவில்லை.

அடுத்து, "குன்றக் கூறல்" என்னும் குற்றம். சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வது. இவ்வளவு பக்கம் எழுதியவன் குறைத்துச் சொன்னானா என்று நீங்கள் கேட்கலாம். நீளத்துக்கும் நிறைவுக்கும் தொடர்பில்லை. என்னென்ன எடுக்கிறோம் என்ற இடம் வரும்போதெல்லாம் "போன்றவை", "உள்ளிட்டவை", "எடுக்கக்கூடும்" என்று வாக்கியம் வழுக்கிக்கொண்டு போகிறது. என் கடையில் விலைச்சீட்டில் "குடம், குத்துவிளக்கு போன்றவை, ரூபாய் இவ்வளவு ஆகக்கூடும்" என்று எழுதிக் கொடுத்தால் வாங்குகிறவர் என்னைச் சும்மா விடுவாரா?

"மயங்க வைத்தல்" என்பது பொருள் இதுவோ அதுவோ என்று தடுமாறும்படி சொல்வது. இதற்கு எடுத்துக்காட்டு "சேவையை மேம்படுத்த" என்னும் தொடர். நின்றுபோன நிரலைச் சரிசெய்வதும் மேம்பாடுதான், எனக்கு எந்த விளம்பரம் காட்டினால் மடங்குவேன் என்று கணிப்பதும் மேம்பாடுதான். முன்னதற்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். பின்னதற்கு என்னை யார் கேட்டார்கள்? இரண்டையும் ஒரே சொல்லில் முடிந்துவைத்திருப்பது எழுதியவனின் திறமைக் குறைவு என்று நான் நம்பவில்லை.

"மாறுகொளக் கூறல்" பற்றி உலகமறிந்த சான்றே இருக்கிறது. கைப்பேசியில் "இருப்பிட வரலாறு" என்று ஒரு விசை. அதை அணைத்துவிட்டால் போகிற இடங்கள் பதிவாகாது என்றுதான் எவரும் நினைப்பார். 2018 ஆகஸ்டில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் சோதித்து, அதை அணைத்த பிறகும் கூகுளின் சில செயலிகள் இருப்பிடத்தை நேரத்தோடு குறித்து வைக்கின்றன என்று வெளியிட்டது. "வலை, செயலி நடவடிக்கை" என்ற பெயரில் வேறொரு விசை இருக்கிறதாம், அதையும் அணைத்தால்தான் ஆகுமாம். முன்கதவைப் பூட்டச் சொல்லிவிட்டுக் கொல்லைக் கதவுக்கு வேறு பெயர் வைத்த கதை. அமெரிக்காவில் 40 மாநிலங்கள் சேர்ந்து விசாரித்து 2022 நவம்பரில் 39.15 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்துகொண்டன. தனியாக வழக்காடிய டெக்சாஸ் மாநிலத்துக்கு மட்டும், இதுவும் இன்னும் சில புகார்களும் சேர்த்து, 137.5 கோடி டாலர் தர 2025 மே மாதத்தில் அந்நிறுவனம் இசைந்தது. ஆஸ்திரேலியாவில் 6 கோடி டாலர் தண்டம். ஒரு வாக்கியம் மயங்கியதற்கு இவ்வளவு விலை.

நூலின் நடையை விட்டு, அது மறைத்துவைத்த பொருளுக்கு வருவோம். செயலி வேறு, இயங்குதளம் வேறு. இதைப் பலர் பிரித்துப் பார்ப்பதில்லை. வாட்ஸாப்போ வங்கிச் செயலியோ வீட்டுக்கு வருகிற விருந்தாளி மாதிரி. பிடிக்காவிட்டால் அனுப்பிவிடலாம். விண்டோஸ், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் என்பன வீட்டின் சுவரும் தரையும். சுவரே காது வைத்துக் கேட்டால் எந்த அறைக்குப் போய்ப் பேசுவது?

டப்ளின் டிரினிட்டி கல்லூரிப் பேராசிரியர் டக்ளஸ் லீத் 2021-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார. கைப்பேசியைத் தொடாமல் மேசைமேல் சும்மா வைத்திருந்தாலும் ஆண்ட்ராய்டும் ஐஃபோனும் சராசரியாக நான்கரை நிமிடத்துக்கு ஒருமுறை தத்தம் நிறுவனத்தோடு பேசிக்கொள்கின்றன என்று அளந்து காட்டினார். இரண்டில் ஆண்ட்ராய்டு அனுப்பும் அளவு பல மடங்கு அதிகம் என்பதும் அவர் கணக்கு. கூகுள் அந்த அளவுமுறையை ஏற்கவில்லை. இந்தக் காலத்துக் கார்கூடத் தயாரித்தவருக்குத் தகவல் அனுப்பத்தானே செய்கிறது என்ற பாங்கில் விடை சொன்னது. அது சமாதானமாக எனக்குப் படவில்லை, காரைப் பற்றியும் கவலைப்பட வேண்டும் என்றுதான் தோன்றியது.

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29. எந்தெந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்தினோம் என்பதுவரை அது குறித்தது என்று பிரான்சு நாட்டுத் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2016 ஜூலையில் மைக்ரோசாப்டுக்கு நோட்டீசு விட்டது. நிறுவனம் அடிப்படை நிலையில் சேகரிப்பதை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்த பிறகு 2017 ஜூனில் அந்த விவகாரம் முடிந்தது. பாதியைக் குறைத்தும் விண்டோஸ் ஓடிற்று என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அப்படியானால் அந்த மறுபாதி எதற்காக இருந்தது? அதே ஆண்டு அக்டோபரில் நெதர்லாந்து ஆணையமும், பயனாளிக்குத் தெளிவாகச் சொல்லாமல் பெற்ற ஒப்புதல் ஒப்புதலே ஆகாது என்றது. இதிலே எனக்கு மிகவும் உறுத்துகிற செய்தி வேறொன்று. இந்தக் கண்டறிதல் தகவல் அனுப்புவதை முழுக்க நிறுத்தும் வசதி இருக்கிறது. ஆனால் அது பெரிய நிறுவனங்களுக்கும் கல்விக்கூடங்களுக்கும் விற்கிற பதிப்பில். வீட்டுப் பதிப்பு வாங்கியவர் "கட்டாயம்" என்ற அளவுக்குக் கீழே இறங்க முடியாது. மொத்த வியாபாரிக்கு ஒரு மானம், சில்லறை வியாபாரிக்கு ஒரு மானம் என்று இருக்குமா?

2024 மே மாதம் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். "ரீகால்" என்று ஒன்று. திரையில் தெரிவதைச் சில விநாடிக்கு ஒருமுறை படம் பிடித்து வைத்துக்கொள்ளும், பிறகு நீங்கள் கேட்டால் தேடித் தரும். எதிர்ப்பு கிளம்பியது, தள்ளிவைத்தார்கள், பயனாளி தாமே விரும்பித் தொடங்கினால்தான் இயங்கும் என்று மாற்றினார்கள், 2025 ஏப்ரலில் சில வகைக் கணினிகளில் மட்டும் வந்தது. படங்கள் அந்தக் கணினியிலேயே பூட்டி வைக்கப்படுகின்றன, நிறுவனத்துக்குப் போவதில்லை என்கிறார்கள். இருக்கட்டும். எதிர்ப்புக் கிளம்பாமல் இருந்திருந்தால்?

எதிர்க்கட்சியின் வாதத்தையும் சொல்லாவிட்டால் இது ஆய்வாகாது. கருவி நின்றுபோனால் ஏன் நின்றது என்று செய்தவனுக்குத் தெரிய வேண்டும். புதுப் புது வைரஸ் வருகிறது, எந்தக் கணினியில் ஓட்டை என்று தெரியாமல் அடைக்க முடியாது. நானும் எந்த அளவு இட்லிப் பானை போகிறது, எது தேங்குகிறது என்று சிட்டையில் குறிக்கத்தான் செய்கிறேன். குறிக்காத வியாபாரி உருப்பட மாட்டான்.

ஆனால் குறிப்பதற்கு ஒரு மரபு இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. தாராவியில் ஒரு குடும்பம் பெண்ணுக்குச் சீர்ப் பாத்திரம் என்னிடம் தவணையில் எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு மாலை மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். காபி கொடுத்தேன். சுற்றி வளைத்து, "அண்ணாச்சி, அவங்க கணக்கு எப்படி? பாக்கி கீக்கி உண்டா?" என்றார். பேரேடு மேசைமேல்தான் திறந்து கிடந்தது. மூடி உள்ளே வைத்துவிட்டு, "ஊர்ல மழை எப்படி?" என்றேன். அவருக்குக் கோபம்தான். அந்தப் பாக்கித் தொகை எனக்கு வரவேண்டியது என்பதற்காக என்னிடம் இருந்தது. வரன் விசாரிக்கிறவருக்காக அல்ல. பேரேடு என்னுடைய காகிதம், என்னுடைய மை, ஆனாலும் அதிலுள்ள செய்தி என்னுடையது ஆகிவிடவில்லை.

இல்லறத்தாருக்குரிய ஐந்து அணுவிரதங்களில் கள்ளாமைக்குச் சமண நூலார் தரும் இலக்கணம் "கொடாததைக் கொள்ளல் கூடாது" என்ற கருத்தில் அமைந்தது. உடையவன் காணவில்லை என்பதோ, பொருள் சிறியது என்பதோ, அவனுக்கு அது குறையவில்லை என்பதோ அங்கே வாதமாகாது. கொடுத்தானா இல்லையா, அவ்வளவே. கள்ளத் தராசு வைப்பதையும் அந்த விரதத்துக்குரிய மீறல்களில் சேர்த்திருக்கிறார்கள். பரிக்கிரக பரிமாணம் என்று இன்னொரு விரதம். இவ்வளவுக்கு மேல் சேர்க்க மாட்டேன் என்று தனக்குத் தானே வரம்பு கட்டிக்கொள்வது. ஐரோப்பியச் சட்டம், 2018 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருப்பது, சேகரிப்பவனுக்கு விதித்திருக்கும் விதியும் ஏறக்குறைய இதுதான்: வேலைக்கு வேண்டியதற்கு மேல் எடுக்காதே, எடுத்த காரியம் முடிந்தால் வைத்திருக்காதே. எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்று மார்தட்ட நான் இதைச் சொல்லவில்லை. நம்மவர்கள் அதைத் தனிமனித ஒழுக்கமாக வைத்தார்கள், அவர்கள் தண்டனையோடு கூடிய சட்டமாக ஆக்கினார்கள். தண்டனை இல்லாத இடத்தில் எத்தனை பேர் விரதம் காத்தோம் என்பது சந்தையில் இருப்பவனுக்குத் தெரியும்.

"என்னைப் பற்றித் தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போகட்டும், நான் என்ன திருடனா?" என்று சிலர் கேட்கிறார்கள். மும்பைத் தமிழன் இதைக் கேட்கலாகாது. காரணம் சொல்கிறேன்.

1960-களின் நடுவில் "மார்மிக்" என்னும் மராத்தி வார இதழில் பட்டியல்கள் வந்தன. இன்ன அலுவலகம், இன்ன பதவி, அதில் இருப்பவர் பெயர் என்று. பெரும்பாலும் தென்னாட்டுப் பெயர்கள். "வாசா ஆணி தண்ட பஸா", அதாவது படித்துவிட்டுச் சும்மா இருங்கள் என்பது தலைப்பு. 1966 ஜூன் 19-இல் சிவசேனை தோன்றியதற்கு முன்னோட்டம் அது. அதன் பின் மாட்டுங்காவிலும் பிற இடங்களிலும் நம்மவர் கடைகளும் உடுப்பி ஓட்டல்களும் என்ன பாடுபட்டன என்பதை மூத்தவர்கள் வீட்டிலேயே கேட்டுக்கொள்ளலாம். பழைய கசப்பைக் கிளற இதை எழுதவில்லை. அந்தக் காலம் போய்விட்டது, இன்று மராத்தி அண்டை வீட்டாரோடு கொடுக்கல் வாங்கல், சம்பந்தம்கூட நடக்கிறது. நான் கேட்பது வேறு. அந்தப் பெயர்களில் பல எங்கிருந்து கிடைத்தன? தொலைபேசிக் கைப்புத்தகத்திலிருந்து! இரகசியம் ஒன்றும் அதில் இல்லை. அவரவர் பணம் கட்டி, பெருமையோடு, தம் பெயரை அச்சில் பார்த்து மகிழ்ந்த புத்தகம். ஒவ்வொரு வரியும் தனித்தனியாக நின்றபோது அது தொலைபேசி எண். ஒருவர் உட்கார்ந்து பெயரின் வால் பார்த்துப் பொறுக்கி ஒன்றாகச் சேர்த்தவுடன் அது வேறு பொருளாகிவிட்டது. தகவல் சேகரிப்பு என்பதன் உட்பொருள் இதுதான். எடுத்தது என்ன என்பதைவிட, எதோடு எதைச் சேர்த்தார்கள் என்பதே பெரிது. அன்று ஒரு புத்தகத்தைப் புரட்ட ஆள் வேண்டும், நாள் வேண்டும். இன்று கோடிப் பேரின் மொழி, சாதியைக் காட்டும் பெயர், போகிற கோயில், வாங்குகிற மருந்து எல்லாவற்றையும் பொறுக்கிச் சேர்ப்பது ஓர் இமைப்பு.

அந்தப் பொறுக்கலும் சரியாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. என் பெயருக்குப் பின்னால் "ஜைன்" என்று பதிவான நாளிலிருந்து கைப்பேசி என்னைக் குஜராத்தியாக்கிவிட்டது. பர்யூஷணச் சலுகை விற்பனை, ராஜஸ்தான் யாத்திரை, குஜராத்திக் கல்யாண மண்டபம் என்று விளம்பரமாகக் கொட்டுகிறது. வந்தவாசிப் பக்கத்து நயினார், திகம்பர மரபு, பேசுவது தமிழ் என்றெல்லாம் அதனிடம் யார் சொல்வது? ரயிலில் இந்தியில் பேச்சுக் கொடுக்கிறவர்களிடமாவது நாலு வார்த்தையில் விளக்கிவிடலாம்.

தாராவி அன்பர்கள் ஒன்று கேட்பார்கள்: "பட்டியல்ல பேரு இல்லேன்னாதான் எங்களுக்குப் பயம். பேரு இருந்தா என்ன பயம்?" உண்மைதான். 2024 மார்ச்சில் தொடங்கிய மறுசீரமைப்புக் கணக்கெடுப்பில், 2000 ஜனவரி 1-க்கு முன்பே அங்கே குடியிருந்ததாகக் காகிதம் காட்டினால்தான் தரைத்தள வீட்டுக்காரருக்குத் தாராவிக்குள்ளேயே வீடு. பழைய மின் ரசீதுக்கும் வாக்காளர் சீட்டுக்கும் அலைகிறவரிடம் போய் அந்தரங்கம் பற்றிப் பேசினால் சிரிப்பார். என் பாத்திரக் கடை ரசீதைக்கூடத் தேடிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. ஆகவே பதிவு என்பதே பகை என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பதிவு அவர் கையில் இருக்கிறது, எங்கே காட்டுவது என்பது அவர் விருப்பம். கைப்பேசி எடுக்கிற பதிவு அவர் கையிலும் இல்லை, அவர் கேட்டு வாங்கும் நிலையிலும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? இதிலே தமிழகத்துக்கு ஒரு தனியிடம் உண்டு. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தபோது எழுந்த வழக்கில், 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன்னைத் தன்பாட்டில் விட்டுவிடச் சொல்லும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்று அத்தீர்ப்பு கூறியது. ஆனால் பொதுப் பதிவேட்டில் ஏறிவிட்ட செய்திக்கு அந்தக் காப்பு இல்லை என்றும் சொன்னது. 2017 ஆகஸ்டு 24-இல், ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நிலைநாட்டினார்கள். சட்டம் வரைய அமைத்த குழுவுக்குத் தலைவர் நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா. 1992-93 கலவர விசாரணை ஆணையத்தால் மும்பையில் அறியாதவர் இல்லாத பெயர். ஒரு பட்டியல் என்ன செய்யும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2018 ஜூலையில் அவர் குழு தந்த வரைவில் சாதி, சமயம், உடல்நலம் போன்றவை "நுண்ணிய தகவல்" என்று தனி வகையாக்கப்பட்டுக் கூடுதல் காவல் பெற்றிருந்தன.

ஐந்தாண்டு கழித்து, 2023 ஆகஸ்டு 11-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தத் தனி வகையே இல்லை. என் சாதியும் என் செருப்பின் அளவும் சட்டத்தின் முன் ஒன்று. அது போகட்டும், மூன்றாம் பிரிவைப் படித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடையவரே பொதுவில் வெளியிட்ட தகவலுக்கு இச்சட்டம் பொருந்தாது என்கிறது. அதாவது, தொலைபேசிக் கைப்புத்தகம்! அறுபதாண்டுக்கு முன் நம்மவருக்கு நேர்ந்தது நாளைக்கு முகநூலிலிருந்து பொறுக்கி நேர்ந்தால், இந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போக முடியாது. இதை எழுதியவர்கள் மும்பைக்காரர் எவரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

குறைகள் இன்னும் உண்டு. அரசு தன் அமைப்புகளுக்கு அறிவிக்கை மூலம் விலக்குக் கொடுத்துக்கொள்ளலாம். நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய்வரை தண்டம் என்பது கேட்கக் கம்பீரமாக இருக்கிறது, ஆனால் அந்தப் பணம் அரசுக் கருவூலத்துக்குப் போகும், பாதிக்கப்பட்டவருக்கு ஒரு காசு இல்லை. அவர் பொய்ப் புகார் கொடுத்தார் என்று முடிவானால் அவருக்கு 10,000 ரூபாய்வரை தண்டம்! விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன, நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் பகுதிகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து பதினெட்டு மாதத் தவணை. தவணையில் சரக்கு எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், சட்டத்தையே தவணையில் எடுப்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

அரசின் கையும் சும்மா இருக்கவில்லை. 2025 நவம்பர் 28-இல் தொலைத்தொடர்புத் துறை, இந்தியாவில் விற்கும் எல்லாக் கைப்பேசிகளிலும் "சஞ்சார் சாத்தி" செயலியை முன்கூட்டியே பதிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. திருட்டுப் போன கைப்பேசியை முடக்க அது உதவுகிறது, நல்ல செயலிதான், எங்கள் கடைப் பையன் ஒருவனுக்கே பயன்பட்டது. வேண்டுமென்பவர் இறக்கிக்கொள்ளட்டும் என்று விடாமல் சுவரோடு சேர்த்துப் பூசச் சொன்னதுதான் தவறு. நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்து டிசம்பர் 3-இல் அந்தக் கட்டாயத்தை விலக்கிக்கொண்டார்கள். ஐந்து நாளில் மாறிய ஆணை என்பதால், பேசினால் பயன் உண்டு என்று எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அந்த 2023 சட்டத்தில் நமக்கு ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது. எவரும் அதைப் பற்றிப் பேசுவதாகத் தெரியவில்லை. ஐந்தாம் பிரிவு: ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, எட்டாம் அட்டவணையிலுள்ள எந்த மொழியிலோ படிக்கும் வாய்ப்பைப் பயனாளிக்குத் தர வேண்டும். தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. மகாராட்டிரத்தில் வாழ்கிறோம் என்பதால் அந்த உரிமை குறையவில்லை. தமிழ்நாட்டுக்கு வெளியே இருக்கிற தமிழனுக்கும் தமிழில் கேட்டு வாங்கும் உரிமை! சங்கங்கள் மேடையில் மொழிப்பற்று பேசுவதோடு இதையும் ஒரு வேலையாக எடுக்கலாம். வெறுமனே தமிழ் எழுத்தில் கொடுத்தால் போதாது, ஆறாம் பிரிவு எளிய நடையில் இருக்க வேண்டும் என்கிறது. எது எளிய தமிழ் என்று சொல்லத் தமிழ்ப் புலவர்களைவிடத் தகுதியானவர் யார்? (எங்களில் சிலர் எழுதும் தமிழைப் பார்த்தால் அதிலும் ஐயம் வருகிறது.)

மாற்று இயங்குதளம் உண்டா என்று பேரனைக் கேட்டேன். லினக்ஸ் இருக்கிறது என்றான். சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் என்பது அதன் வழி வந்தது, தமிழக அரசு மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த மடிக்கணினிகளிலும் விண்டோசோடு சேர்ந்து இருந்தது. அதற்கு முன்பே எல்காட் நிறுவனம் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தலைமையில் சூசே லினக்சுக்கு மாறிக் காட்டியது. கைப்பேசிக்கு பார்ஓஎஸ் என்று சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த ஒன்றை 2023 ஜனவரியில் காட்டினார்கள். ஆனால் என் கணக்காளருடைய மென்பொருள் விண்டோசில்தான் ஓடுகிறது, தாராவிப் பெண்ணுக்குக் கிடைக்கிற மலிவுக் கைப்பேசி ஆண்ட்ராய்டில்தான் வருகிறது. வேறு கடை இல்லாத தெருவில் "பிடிக்காவிட்டால் வாங்காதே" என்பது பேச்சல்ல. முன்பதிந்த செயலிகளைத் திணித்து ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்று 2022 அக்டோபரில் நம் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் தண்டம் போட்டதும், மேல்முறையீட்டில் அத்தொகை நின்றதும் இதனால்தான்.

பேரனிடம் என் மதிப்புரையை வாசித்துக் காட்டினேன். பாதிவரை கேட்டான். பிறகு கணினியை எடுத்து அமைப்புக்குள் போய், விருப்பக் கண்டறிதல் தகவல், விளம்பர அடையாள எண், தட்டச்சுப் பதிவு என்று ஒவ்வொன்றாக அணைத்தான். கைப்பேசியிலும் விளம்பர அடையாள எண்ணை நீக்கினான், அந்தக் கொல்லைக் கதவையும் தேடிப் பூட்டினான். மொத்தம் இருபது நிமிடம் ஆயிற்று. "இதையெல்லாம் ஏன்டா முதல்லயே செய்யல?" என்றேன். "நீங்க கேட்கலையே தாத்தா" என்றான்.

கடைக்கு வருகிற சிலருக்கு இப்போது அவனே செய்து கொடுக்கிறான். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மேல் வந்தால் இருப்பான். நான் பொழுது சாய்வதற்குள் சாப்பிட எழுந்துவிடுவேன், அதற்கு முன்னால் வந்தால் அறிக்கையின் அச்சுப்படியும் காட்டுவேன், சாக்கு நூலில் கட்டியபடியே இருக்கிறது.